மணி எங்கே முளைக்கிறது? டைட்டேனியம் அலுமினைடு வார்ப்பில் போரானின் வேலை குறித்து ஒரு மறுவாசிப்பு

டைட்டேனியம் அலுமினைடு வார்ப்பில் சிறிதளவு போரான் சேர்த்தால் மணிகள் நுண்மையாகின்றன. இதை யாரும் மறுப்பதில்லை. ஏன் நுண்மையாகின்றன என்ற கேள்விக்கு நெடுங்காலமாகத் தரப்பட்டுவரும் விடையைத்தான் இக்கட்டுரை ஏற்க மறுக்கிறது. போரைடுத் துகள்கள் உருகிய உலோகத்தில் விதைகளாக நிற்கின்றன, அவற்றின்மேல் திண்மம் பல இடங்களில் ஒரே சமயத்தில் முளைக்கிறது, ஆகவே மணி சிறுக்கிறது என்பது அந்த விடை. அலுமினிய வார்ப்பாலைகளில் டைட்டேனியமும் போரானும் கலந்த கம்பியை உருகலில் கரைத்து மணியைச் சிறிதாக்குவது பழகிய தொழில்முறை. அங்கே சரியாக இருக்கும் விளக்கம், போதிய சோதனை இல்லாமல் இங்கே குடியேறிவிட்டது என்பது என் எண்ணம்.

என் வாதத்தின் எல்லையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அலுமினியம் ஏறத்தாழ 45 அணு விழுக்காட்டுக்குக் கீழே இருந்து, முழுக்க பீட்டா கட்டமாகவே உறையும் கலவைகளைப் பற்றியே பெரும்பாலும் பேசுகிறேன். போரானும் ஓர் அணு விழுக்காட்டுக்குள் அடங்கும் கலவைகள் இவை. போரான் மிகுந்த கலவைகளில் உலோகத்துக்கு முன்பே டைபோரைடு உருகலில் படிகமாகிவிடும்; அங்கே விதைக் கொள்கைக்கு இடம் உண்டு, அதை விட்டுக்கொடுக்கிறேன். ஆனால் இன்றைய பயனுள்ள கலவைகள் அந்தப் பக்கம் இல்லை. 43.5 அலுமினியம், 4 நையோபியம், 1 மாலிப்டினம் கொண்ட டி.என்.எம். கலவையில் போரானின் அளவு வெறும் 0.1 அணு விழுக்காடு. நீண்ட நாடாக்களாக வளரும் போரைடுகள் விரிசலுக்குத் தொடக்கமாகி, ஏற்கெனவே அறை வெப்பநிலையில் ஓரிரு விழுக்காடே நீளக்கூடிய இந்தப் பொருளை மேலும் நொறுங்கவைக்கும் என்பதால்தான் போரானை இவ்வளவு சிக்கனமாகச் சேர்க்கிறார்கள். அந்தச் சிக்கனமான அளவு எப்படி வேலை செய்கிறது என்பதே கேள்வி.

‘மணி’ என்று நாம் எதைச் சொல்கிறோம் என்பதில் ஒரு குழப்பம் இருக்கிறது. பழைய விளக்கம் அந்தக் குழப்பத்தில்தான் வாழ்கிறது. அறை வெப்பநிலையில் அளந்து அட்டவணையில் போடும் மணி, உறைதலின்போது பிறந்த மணி அல்ல. உருகலிலிருந்து பீட்டா வருகிறது. பீட்டா திண்ம நிலையிலேயே ஆல்ஃபாவாக மாறுகிறது. ஆல்ஃபாவுக்குள் காமா ஏடு ஏடாக விழுந்து, ஓலைச்சுவடிக் கட்டைப் போன்ற அடுக்குத் தொகுதி உண்டாகிறது. பிளாக்பர்ன் 1970-இல் எடுத்துக்காட்டிய திசையுறவின்படி இந்த ஏடுகள் எல்லாம் ஆல்ஃபாவின் அடித்தளத்துக்கு இணையாகவே கிடக்கும். ஆகவே ஓர் ஏட்டுத்தொகுதி என்பது ஒரு பழைய ஆல்ஃபா மணி. அதன் எல்லை ஆல்ஃபாவின் எல்லை. அதை அளந்துவிட்டு உருகலில் என்ன நடந்தது என்று சொல்வது, பேரனின் உயரத்தை வைத்துப் பாட்டனை அளப்பதாகும்.

இப்போது சர்ச்சைக்குரிய சான்றுக்கு வருகிறேன். பீட்டாவாக உறையும், போரான் சேர்ந்த கலவையின் வெட்டுமுகத்தைப் பின்சிதறல் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் எடுத்த படம்தான் அது. இத்துறையில் மீண்டும் மீண்டும் அச்சாகும் படவகை இது. வழக்கமாக அதன்கீழ் ‘நுண்மையான சமஅச்சு மணிகள், போரைடு விதையூட்டலுக்குச் சான்று’ என்ற பொருளில் ஒரு குறிப்பு இருக்கும். குறிப்பைக் கையால் மறைத்துவிட்டுப் படத்தை மட்டும் பாருங்கள்.

முதலில் கண்ணில் படுவது ஏட்டுத்தொகுதிகள். 50, 100 மைக்ரோமீட்டர் அளவில், ஒவ்வொன்றும் தனக்கென ஒரு திசையில் கோடு போட்டதுபோல் இருக்கும். இங்கேதான் பலருடைய பார்வை நின்றுவிடுகிறது. படத்தைச் சற்றுத் தள்ளி வைத்து, கண்ணை லேசாகச் சுருக்கிப் பார்த்தால் அந்தத் தொகுதிகளுக்கு அடியில் வேறொரு உருவம் தெரியும். வெளிறிய ஒரு தண்டு, அதற்குச் செங்குத்தாக இருபுறமும் கிளைகள், கிளைகளுக்கு இடையே கருமையான சந்துகள். நையோபியம் போன்ற கனமான தனிமங்கள் முதலில் உறைந்த தண்டில் தங்கிவிட்டன, அதனால் அது வெளிறியிருக்கிறது. அலுமினியம் கடைசியாக உறைந்த சந்துகளில் ஒதுங்கிவிட்டது, அதனால் அவை கருத்திருக்கின்றன. கிளைகள் தண்டோடு 90 டிகிரியில் நிற்பதால் இது கனசதுரப் பீட்டாவின் கிளைப்படிகம். ஆல்ஃபா நேரடியாக உருகலிலிருந்து வளர்ந்திருந்தால் அறுகோணச் சமச்சீருக்கேற்ப 60 டிகிரியில் கிளைத்திருக்கும். இந்த ஒரு கிளைப்படிகம் எத்தனை ஏட்டுத்தொகுதிகளுக்கு ஊடாக ஓடுகிறது என்று எண்ணிப் பாருங்கள். தண்டு திரும்பவில்லை, முறியவில்லை, தொகுதியின் எல்லை வந்தால் நிற்கவும் இல்லை. அதன்மேல் பத்துக்கணக்கில் தொகுதிகள் படர்ந்திருக்கின்றன.

ஒரு கிளைப்படிகம் என்றால் ஒரு பீட்டா மணி. ஒரு பீட்டா மணிக்குள் பத்துக்கணக்கான ஆல்ஃபா மணிகள். அப்படியானால் மணி சிறுத்தது உருகலில் அல்ல, உறைதல் முடிந்த பிறகு.

இதற்கு உடனே ஒரு மறுப்பு எழும். போரான் இல்லாவிட்டாலும் ஒரு பீட்டா மணி பல ஆல்ஃபா மணிகளாகப் பிரியும் அல்லவா? பிரியும். சிர்கோனியத்தில் பர்கர்ஸ் 1934-இல் கண்டறிந்த திசையுறவு இங்கேயும் பொருந்தும். பீட்டாவின் ஆறு சாய்தளங்களில் ஏதேனும் ஒன்று ஆல்ஃபாவின் அடித்தளமாகிறது, ஒவ்வொரு தளத்திலும் இரண்டு வகை, ஆக மொத்தம் பன்னிரண்டு வகைகள். பீட்டாவாக உறையும் கலவை போரான் இல்லாமலேயே ஓரளவு நுண்மையாக இருப்பதற்கு இதுவே காரணம். இந்த மறுப்பு என் வாதத்தைப் பலவீனப்படுத்தவில்லை. அதற்கு ஓர் அளவுகோலைக் கொடுக்கிறது. பர்கர்ஸ் வழியே பிறந்த ஆல்ஃபாக்களுக்கு ஒரே பீட்டாவுக்குள் ஆறு அடித்தளங்கள்தான் உண்டு. அவற்றுள் எந்த இரண்டை எடுத்தாலும் இடைக்கோணம் 60 அல்லது 90 டிகிரியாகவே இருக்கும். ஒரே கிளைப்படிகத்துக்குள் ஏழாவது ஏட்டுத்திசை ஒன்று கிடைத்துவிட்டால், அந்த ஆல்ஃபா தன் தாய்ப் பீட்டாவின் திசையைப் பின்பற்றாமல் வேறெதன்மீதோ முளைத்தது என்று பொருள். போரான் இல்லாத கலவையில் திசைகள் இந்த ஆறுக்குள் அடங்குகின்றன. போரான் சேர்ந்த கலவையில் சிதறிக் கிடக்கின்றன. ‘வேறெது’ என்ற கேள்விக்கு அந்த இடத்தில் இருக்கும் ஒரே விடை போரைடு. டைட்டேனியம் கலவைகளில் மோனோபோரைடு இழைகளின்மேல் ஆல்ஃபா முளைப்பது புதிய செய்தியும் அல்ல.

திசைப்படுத்தி உறையவைத்த தண்டுகளில் இது இன்னும் தெளிவாகிறது. வெப்பம் ஒரே பக்கமாக வெளியேறும்போது பீட்டாவின் கனசதுர அச்சு அந்தத் திசையில் தூண்போல வளர்கிறது. பின்னர் பர்கர்ஸ் வழி ஆல்ஃபா வந்தால் ஏடுகள் தூணுக்கு இணையாகவோ 45 டிகிரி சாய்ந்தோ நிற்க வேண்டும். ஆறு தளங்களில் இரண்டு இணை, நான்கு சாய்வு. ஆல்ஃபாவே உருகலிலிருந்து தூணாக வளர்ந்திருந்தால் ஏடுகள் தூணுக்குக் குறுக்கே கிடக்கும். இந்த மூன்று கோணங்களையும் விட்டு விலகி, தூண்களாக நிற்கும் பீட்டாக் கிளைப்படிகங்களுக்குள் ஏடுகள் எல்லாத் திசையிலும் திரும்பியிருந்தால், உருகலில் விதை விழவில்லை என்பதற்கு அதைவிட என்ன வேண்டும்? விதை விழுந்திருந்தால் முதலில் தூண்கள்தான் உடைந்து சமஅச்சு மணிகளாகியிருக்கும். தூண்கள் அப்படியே இருக்கின்றன. அவற்றுக்குள் குடியிருப்பவர்கள்தான் மாறியிருக்கிறார்கள்.

படம் இரு பரிமாணம், வெட்டுமுகம் ஏமாற்றக்கூடும் என்பார்கள். ஒரு தண்டு ஒரு வெட்டில் தொடர்ச்சியாகத் தெரிவது தற்செயலாக இருக்கலாம். வெட்டு தோறும், மாதிரி தோறும் தற்செயல் நிகழாது. இதில் மேலும் நேரம் செலவிடத் தேவையில்லை.

வலுவான மறுப்பு வேறொன்று. போரைடு விதையாக இல்லாவிட்டாலும், கரைந்த போரானே வளரும் திண்மத்தின் முகப்பில் குவிந்து அதன் வளர்ச்சியைத் தடுத்து, பக்கத்தில் புதிய மணி முளைக்க அவகாசம் தருகிறது என்பது. வளர்ச்சித் தடைக் காரணி என்ற பெயரில் இது மக்னீசிய, அலுமினியக் கலவைகளில் நன்றாக வேலை செய்யும் கருத்து. அதனால் கணக்கிட்டுப் பார்ப்போம். டைட்டேனியம்-போரான் இரட்டைக் கலவையில் உருகுநிலை 1670 டிகிரி செல்சியஸிலிருந்து, எடையில் ஏறத்தாழ 1.6 விழுக்காடு போரானுள்ள யூடெக்டிக் புள்ளியில் 1540 டிகிரி அளவுக்கு இறங்குகிறது. எடை விழுக்காடு ஒன்றுக்கு 80 டிகிரி. திண்ம பீட்டாவில் போரான் ஏறக்குறையக் கரைவதே இல்லை என்பதால் தடைக் காரணியும் விழுக்காட்டுக்கு அதே 80 கெல்வின். டி.என்.எம். கலவையின் 0.1 அணு விழுக்காடு போரான் எடையில் 0.03 விழுக்காட்டுக்கும் குறைவு. பெருக்கினால் வருவது 2 கெல்வின்.

அதே கலவையில் அலுமினியம் மட்டும் எவ்வளவு தடை தருகிறது? பெரிடெக்டிக் வெப்பநிலையான ஏறத்தாழ 1490 டிகிரியில் பீட்டாவில் 45 அணு விழுக்காடு அலுமினியம், அதை ஒட்டிய உருகலில் 49. திரவக்கோட்டின் சாய்வை அணு விழுக்காட்டுக்குப் பத்து டிகிரி என்று வைத்துக்கொண்டால்கூட, தடைக் காரணி 40 கெல்வினை நெருங்குகிறது. நாற்பது ஏற்கெனவே இருந்தும் மணி பருமனாகவே இருந்த இடத்தில், இன்னும் இரண்டு வந்து மணியை நுண்மையாக்கிவிட்டது என்று சொல்ல என் மனம் ஒப்பவில்லை. இரட்டைக் கலவையின் எண்களை நான்கைந்து தனிமங்கள் உள்ள கலவைக்குக் கொண்டுபோவது துல்லியமான முறை அல்ல என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பிழை இருமடங்காக இருந்தாலும் முடிவு மாறாது.

மூன்றாவது சான்று இரண்டு கலவைகளை அருகருகே வைத்தால் கிடைக்கிறது. 48 அலுமினியம், 2 குரோமியம், 2 நையோபியம் கொண்ட கலவை இத்துறையின் வேலைக்குதிரை. ஜெனரல் எலக்ட்ரிக்கின் ஜென்எக்ஸ் எஞ்சினில் குறைஅழுத்த டர்பைனின் கடைசி இரண்டு அடுக்குகளில் வார்ப்புத் தகடாக ஏறி, 2012-இல் போயிங் 787-உடன் பயணிகள் சேவைக்கு வந்தது. அந்தக் கலவையில் போரானால் மணியை நுண்மையாக்க அரை அணு விழுக்காடும் அதற்கு மேலும் தேவைப்படுகிறது. டி.என்.எம். வகையில் அதில் ஐந்தில் ஒரு பங்கு போதுமானதாக இருக்கிறது. இரண்டிலும் உருகலிலிருந்து முதலில் வருவது பீட்டாதான். போரான் உருகலில் வேலை செய்வதானால், முதல் திண்மம் ஒன்றாகவே இருக்கும்போது தேவைப்படும் அளவு இப்படி மாறுவது ஏன்?

வேறுபாடு அதற்கடுத்த படியில் இருக்கிறது. 48 அலுமினியக் கலவை பெரிடெக்டிக் வழியாகப் போகிறது. மீந்த உருகலும் பீட்டாவும் சேர்ந்து ஆல்ஃபாவைத் தருகின்றன. அந்த ஆல்ஃபா பீட்டாவின் தோளில் ஏறி, உருகலுக்குள் தானே தொடர்ந்து வளர்ந்துவிடுகிறது. கடைசிச் சொட்டு உறைந்து போரைடு முழுமையாக உருவாகும் நேரத்தில் ஆல்ஃபா ஏற்கெனவே அங்கே குடியேறிவிட்டது. முளைக்க இடம் கொடுக்கப் போரைடு தயார். முளைக்க வேண்டியவரோ முன்பே வந்தாயிற்று. முழுக்கப் பீட்டாவாக உறையும் கலவையில் அப்படி இல்லை. உறைதல் முடிகிறது, போரைடு சந்துகளில் காத்திருக்கிறது, அதற்குப் பிறகே ஆல்ஃபாவின் முறை வருகிறது.

நியாயமாக ஒன்றைச் சேர்க்க வேண்டும். நையோபியமும் மாலிப்டினமும் பீட்டாவைத் தாங்கிப் பிடிப்பதால், எஞ்சிய பீட்டா ஆல்ஃபா மணிகளைச் சூழ்ந்து அவை பெருப்பதைத் தடுக்கிறது. இரு கலவைகளுக்கிடையே உள்ள வேறுபாட்டில் ஒரு பங்கு இதற்குரியது. எவ்வளவு என்பதைப் பிரித்துச் சொல்ல, போரான் உள்ளதும் இல்லாததுமான ஒரே கலவையை ஒரே வேகத்தில் குளிர்வித்துப் பார்க்க வேண்டும்.

உறைதலுக்கு இதில் பங்கே இல்லை என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். என் கருத்து அதற்கு நேர்மாறானது. உறைதல் விதை தூவுவதில்லை. விதைக்கும் குழியை வெட்டிவைக்கிறது. கிளைகளுக்கு இடையே உள்ள சந்துகளுக்குள் கடைசி உருகல் ஒதுங்கும்போது அதில் போரானும் அலுமினியமும் சேர்ந்தே செறிகின்றன. போரான் அங்கே போரைடாகப் படிகிறது. அலுமினியம் ஆல்ஃபாவை நிலைநிறுத்தும் தனிமம். ஆகவே குளிரும்போது வார்ப்பின் மற்றெந்த இடத்தையும்விட முன்னதாக, உயர்ந்த வெப்பநிலையில், பீட்டா ஆல்ஃபாவாக மாறத் துடிப்பது அதே சந்துகளில்தான். எங்கே ஆல்ஃபா முதலில் முளைக்க விரும்புகிறதோ அங்கேயே அது முளைப்பதற்கான பரப்பும் காத்திருக்கிறது. இந்த இரண்டையும் ஒரே சந்தில் கொண்டுவந்து சேர்த்தது உறைதல். குறைந்த போரான் இவ்வளவு வேலை செய்வதன் ரகசியம் இதுவே என்று நம்புகிறேன். இதிலிருந்து ஓர் எதிர்பார்ப்பும் பிறக்கிறது: ஏட்டுத்தொகுதியின் அளவு பீட்டா மணியின் அளவைப் பின்தொடராது, கிளைகளின் இடைவெளியைப் பின்தொடரும். இதை நான் நிறுவிவிட்டதாகச் சொல்லவில்லை. ஆனால் எந்தப் பக்கம் பந்தயம் கட்டுவேன் என்பதில் எனக்கு ஐயமில்லை.

வார்ப்பாலைக்கு இதனால் என்ன பயன்? நிறைய இருக்கிறது. விதைக் கொள்கையை நம்புகிறவர் உருகலைக் கவனிப்பார்: எவ்வளவு மிகைச்சூடு, எவ்வளவு நேரம் வைத்திருந்தோம், விதை கரைந்துபோயிற்றா என்று. என் வாசிப்பு சரியானால் கவனம் அச்சுக்குள் திரும்ப வேண்டும். தகட்டின் மெல்லிய விளிம்பிலும் தடித்த வேரிலும் உறையும் வேகம் வேறு; கிளைகளின் இடைவெளியும் வேறு. அதற்கடுத்து, உறைந்த வார்ப்பு பீட்டாவிலிருந்து ஆல்ஃபாவுக்குக் கடக்கும் அந்தச் சில நூறு டிகிரி இடைவெளியில் எவ்வளவு வேகமாகக் குளிர்கிறது என்பது தனிக் கேள்வி. இந்த இரண்டையும் ஒரே ‘குளிரும் வேகம்’ என்ற எண்ணுக்குள் அடைத்து எழுதும் பழக்கம் நமக்கு நிறையக் கெடுதல் செய்திருக்கிறது. அச்சின் முன்சூட்டை மாற்றினால் இரண்டும் சேர்ந்து மாறும். எது மணியைச் சிறிதாக்கியது என்று பின்னர் யாராலும் சொல்ல முடியாது.

சான்றைத் திரட்டுவதில் ஒரு பொறி இருப்பதையும் சொல்ல வேண்டும். தொகுதிகளுக்கு இடையே எஞ்சிய பீட்டாவின் திசையை அளந்து, அவை யாவும் ஒன்றுபோல் இருந்தால் தாய்ப் பீட்டா ஒன்றே என்று முடிவு கட்டலாம், நல்ல வழிதான். ஆனால் அதில் ஒரு பகுதி பழைய பீட்டாவே அல்ல. பின்னர் ஆல்ஃபாவிலிருந்து மீண்டும் பிறந்தது அது. அப்படிப் பிறந்தது தன் ஆல்ஃபாவோடு பர்கர்ஸ் உறவில்தான் இருக்கும். அதைத் தாயின் சாட்சியமாக எடுத்துக்கொண்டால் போரான் கலவையிலும் எல்லாம் பர்கர்ஸ் வழியே நடந்ததாகத் தோன்றிவிடும். கிளையின் நடுவே, வெளிறிய தண்டுக்குள் கிடக்கும் பீட்டாவை மட்டுமே சாட்சிக்கு அழைக்க வேண்டும். என் வாசிப்புக்கு எதிராக வைக்கப்படும் சில திசைப்படங்கள் இந்தப் பிரிப்பைச் செய்யாமல் வரையப்பட்டவை.

இத்துறையில் அளப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். போரான் சேர்த்த வார்ப்பின் மணியளவு என்று இனி ஒற்றை எண்ணை மட்டும் அச்சிடாதீர்கள். ஏட்டுத்தொகுதியின் அளவை எந்த இடத்தில் அளந்தீர்களோ அதே இடத்தில் கிளைப்படிகத்தின் வழியே பீட்டா மணியின் அளவையும் கிளைகளின் இடைவெளியையும் அளந்து அருகில் போடுங்கள். மெருகேற்றிய மாதிரியை அரிப்பதற்கு முன்பே பின்சிதறல் படம் எடுத்துவிட்டால் இதற்குத் தனிச் செலவு கிடையாது. குறைந்த போரானால் பீட்டா மணியும் அதே விகிதத்தில் சிறுத்தது என்று அந்த எண்கள் காட்டினால், இக்கட்டுரையின் வாதத்தை நானே திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.